பிறந்தநாள் பரிசும் மூன்றாவது குழந்தையும்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோழனுக்குப் பிறந்தநாள். என்ன வாங்கிக் கொடுப்பது? கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டை போன்ற சிற்றூரில் இந்தக் கேள்வி பெரும்பாலும் விழா நாளின் மாலையில், ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நின்றபடிதான் எழுகிறது. கொஞ்சம் நேரம் இருந்தால் விருத்தாசலம் போய்ப் பார்க்கலாம், இல்லையென்றால் இருப்பதில் ஒன்று. அந்த அவசரத்தில் பெரியவர்களின் கைக்கு எட்டுபவை இரண்டு அளவுகோல்கள்தாம்: போன முறை அவர்கள் நம் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள், நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள். இரண்டிலும் பரிசு பெறப்போகும் குழந்தைக்கு இடமில்லை.

முதல் அளவுகோல் மொய்க் கணக்கிலிருந்து வந்தது. மொய்யைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்து மொய் விருந்து எத்தனையோ குடும்பங்களுக்குத் தொழில் முதலாகவும் கல்யாணச் செலவாகவும் நின்றிருக்கிறது. வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தே வளர்ந்தவர்கள் அதில் உட்காருகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த நெடுங்கட்டுரையில் காட்டியதும் இதைத்தான்: உலகின் பல சமூகங்களில் கொடை கடனாகவே கைமாறுகிறது. வள்ளுவர் இன்னும் கறாரானவர். இல்லாதவருக்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்று ஏற்று, மற்றதெல்லாம் திரும்ப வருவதை எதிர்பார்த்துக் கொடுப்பது என்று ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே தள்ளிவிடுகிறார். பெரியவர்கள் அறிந்து ஏற்றுக்கொண்ட கடனில் தவறில்லை. ஆறு வயதுப் பிள்ளை எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. அதன் நட்பின் பேரில் கணக்குத் தொடங்குவதுதான் தவறு.

இரண்டாவது அளவுகோல் இன்னும் ஆழமாகக் காயப்படுத்துவது. பரிசு என்றால் கொடுப்பவர், பெறுபவர் என இரண்டு பேரை மட்டும் நினைக்கிறோம். விழா நடக்கும் அறையில் மூன்றாவதாக ஒரு குழந்தையும் இருக்கிறது. ஐந்து ரூபாய்ப் பேனாவையோ, வீட்டில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டையோ கையில் வைத்துக்கொண்டு, பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய ரிமோட் காரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை அது. பல நேரங்களில் அது அறையிலேயே இருப்பதில்லை. 'வெறுங்கையோட எப்படிடா போறது' என்று அம்மா சொன்னதால் வீட்டிலேயே இருந்துவிட்டது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒருநாள் ஊதியம் 336 ரூபாய். 'சும்மா முந்நூறு ரூபாய்க்கு ஏதாவது' என்று ஒரு வீட்டில் சொல்லப்படுவது இன்னொரு வீட்டில் முழுநாள் வெயில். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

இந்தப் பெஞ்சை உண்டாக்க இந்த மாநிலம் பெரும்பாடு பட்டிருக்கிறது. காமராசர் காலத்துச் சீருடையும் மதிய உணவும் பசிக்கும் படிப்புக்கும் மட்டுமானவை அல்ல. யார் வீட்டுப் பிள்ளை என்பது சட்டையிலும் சாப்பாட்டிலும் தெரியக்கூடாது என்ற எண்ணமும் அவற்றில் இருந்தது. பிறந்தநாளன்று கலர் டிரஸ் போட்டு வந்து வகுப்புக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பது அழகான வழக்கம். எல்லாக் கைக்கும் ஒரே மிட்டாய் விழுகிறது. மாலையில் வீட்டில் நடக்கும் விழாவில் அந்தச் சமன் குலைகிறது. யாரை அழைக்கிறோம் என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. கடலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குள் சாதியும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆகவே பரிசின் விலைக்கு வரம்பு வைக்க வேண்டியது கொடுப்பவரின் வசதி அல்ல. அந்தக் கூட்டத்திலேயே மிகவும் எளிய வீட்டிலிருந்து வரும் குழந்தை கூச்சமில்லாமல் நீட்டக்கூடியது எதுவோ, அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 'ஆசையாகக் கொடுப்பதற்கும் தடையா?' என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. பல மாதம் உண்டியலில் சேர்த்த காசில் தோழிக்குப் பெரிய பொம்மை வாங்க நினைக்கும் பிள்ளையின் மனம் கட்டுப்படுத்தப்பட வேண்டியதல்ல. அதை வேறொரு நாளில், இருவர் மட்டும் இருக்கும்போது கொடுத்துவிடலாம். ஊர் பார்க்கக் கொடுக்க முடியாதபோது ஆசை குறைந்துவிடுமானால், அது தோழி மீது வைத்த ஆசை இல்லை.

விலை குறைய வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைத்துவிடக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். பரிசு பெறும் குழந்தைக்கு ஆறு வயது என்றாலும் அந்த வீட்டில் தவழும் தம்பி இருக்கலாம். பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம், கழன்று வரும் சக்கரம் எல்லாம் அவன் வாய்க்குத்தான் போகும். மலிவான பொம்மையைவிட, அதே காசுக்குக் கலர் பென்சிலும் ஒரு கதைப் புத்தகமும் நல்ல தேர்வு. நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் மெல்லிய சிறுவர் நூல்கள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொண்டால், ஃபேன்சி ஸ்டோர் வாசல் அவசரமும் தவிர்ந்துபோகும்.

பரிசு இன்னொரு வீட்டுக்குள் போய் வாழப்போகிற பொருள் என்பதும் மறந்துபோகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் மங்கலம்பேட்டை. பிறந்தநாள் கொண்டாடுவதையே மார்க்கத்துக்கு ஒவ்வாதது எனக் கருதும் வீடுகள் உண்டு. உருவப் பொம்மைகளை விரும்பாத வீடுகளும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்பைக் காட்ட ரம்ஜான் இருக்கிறது, பள்ளி திறக்கும் நாள் இருக்கிறது. முன்கூட்டியே அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காமல் கொடுத்து அந்த வீட்டைச் சங்கடத்தில் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

இவ்வளவு சிக்கல் எதற்கு, 'பரிசு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போதாதா? போதாது. பெரியவர்கள் செய்த குளறுபடிக்குக் குழந்தையின் கொடுக்கும் சந்தோஷத்தைப் பறிப்பதாக அது முடியும். தோழிக்குப் பிடித்த மாம்பழ வடிவ ரப்பரைக் கடையில் கண்டதும் 'இதுதான்' என்று துள்ளும் பிள்ளை, கொடுத்தலின் முதல் பாடத்தைத் தானாகவே படித்துவிட்டது. 'சீ, இதையா குடுக்கிறது' என்று அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் பெரிய பெட்டியைத் திணிக்கும் இடத்தில் அந்தப் பாடம் அழிகிறது. ரப்பரையே பொதிந்து கொடுக்கலாம்.

மீதிப் பொறுப்பு விழா நடத்தும் வீட்டுக்கு. பரிசுகளை எல்லார் முன்னாலும் பிரிக்காமல், வந்ததையெல்லாம் ஒரே கூடையில் போட்டு உள்ளே வைத்துவிட வேண்டும். யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கக் கூடாது. ரிட்டர்ன் கிஃப்ட் கொடுப்பதாக இருந்தால், ஒன்றும் கொண்டுவராத குழந்தைக்கும் அதே பொருள், அதே சிரிப்போடு. அழைக்கப் போகும்போதே 'பிள்ளையை மட்டும் அனுப்புங்கம்மா, அவன் வந்தாப் போதும்' என்று அந்த எளிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வருவது கேக்குக்குச் செய்யும் செலவைவிட அவசியமானது.