நூற்றுக்குப் பதினொருவர்

கொச்சி பிராட்வேயின் மலைச்சரக்குக் கடைகளிலும், எதிர்க்கரை மட்டாஞ்சேரியிலும் கிராம்பு மணக்கும். பல் வலித்தால் ஒரு கிராம்பைக் கடவாயில் அடக்கிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும். ஈறு நோயில் மரக்கச் செய்ய வலியே பெரும்பாலும் இருப்பதில்லை. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், வாயில் ஒரு நாற்றம், அவ்வளவுதான். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

கரைப்பது கிருமி என்றுதான் நினைக்கிறோம். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் வேறு பதில் சொல்கின்றன.

1970-ல் நார்வேக்காரரான ஹாரால்ட் லோவும் அவர் குழுவினரும் அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். மலையகத் தமிழர்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை, பல் மருத்துவமும் எட்டியதில்லை. எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறிலும் வீக்கம். சொத்தைப்பல் ஏறக்குறைய இல்லாததால், விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்ததே. 1985 வரை தொடர்ந்த ஆய்வில் நூற்றுக்கு 8 பேருக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45-க்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. 81 பேருக்கு அந்த வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயின. மீதி 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

ஒரே மலை, ஒரே லயத்து வரிசைவீட்டு வாழ்க்கை, ஒரே மாதிரிக் காரை. அப்படியானால் வேறுபாடு எங்கே?

ஈறின் ஓரத்துக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேலுள்ள ஏற்பிகள், பாக்டீரியாவின் வெளியுறையில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுகளைத் தொட்டே அந்நியனை அறிகின்றன. பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி அந்தக் கொழுப்பின் வடிவையே மாற்றிக்கொள்ளும். பிறகு தன் நொதிகளால் வெள்ளணுவின் கொல்லும் திறனை மட்டும் முடக்கும், வீக்கத்தை விட்டுவைக்கும். கசியும் ரத்தத்தின் இரும்பும் சிதைந்த புரதமும்தானே அதற்குச் சாப்பாடு! வீக்கம் ஆண்டுக்கணக்கில் நீடிக்க, டி அணுக்கள், பி அணுக்கள் என்ற வேறு வெள்ளணுக்கள் விடும் சமிக்ஞையில் எலும்பைத் தின்னும் அணுக்கள் பெருகுகின்றன. அவையும் நம் உடம்பின் அணுக்களே.

அதற்காக வெள்ளணுக்களின் காவலைக் குறைத்துவிடவும் முடியாது. பிறவியிலேயே நியூட்ரோஃபில்கள் ரத்தக்குழாயை விட்டு ஈறுக்குள் வர முடியாத அரிய நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளின் பற்கள் மிகச் சீக்கிரம் விழுகின்றன. வந்து சேரும் நியூட்ரோஃபில்தான் மேலும் ஆள் கேட்கும் அழைப்பை அடக்குகிறது. அது வராதபோது அழைப்பு ஏறிக்கொண்டே போகிறது. 2017-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன மருத்துவர்கள், அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த அழைப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். ஈறு வீக்கம் தணிந்தது.

அடையாளம் காண்பதும் அடிப்பதும் காவலில் பாதிதான். போதும் என்று நிற்கத் தெரிவது மறுபாதி. அந்த 11 பேரின் ஈறுகளில் நான் காண்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

மருத்துவம் இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது, அந்தத் தோட்டங்களுக்குப் பல் மருத்துவர் எட்டாததால்தான். இது எனக்கு உறுத்துகிறது. 2010-ல் ஆய்வாளர்கள் திரும்பப் போனபோது, 480 பேரில் 75 பேரை மறுபடி பரிசோதித்தார்கள்.