தூய்மைக்குச் சான்று எது?

ஒரு தை மாதத்து மாலையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். நீருக்குள் நின்ற மரங்களெல்லாம் வெண்மை பூத்திருந்தன. அந்த வெண்மையில் பாதி நாரைகளின் சிறகு; மறுபாதி அவற்றின் எச்சம். அஸர் நேரம் நெருங்கியது. ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், இந்தத் தண்ணீரில் ஒளு எடுக்கலாமா?"

ஷாஃபிஈ மத்ஹபினராகிய நமக்குப் பறவை எச்சம் நஜீஸ். ஆயினும், குல்லத்தைன் அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்றேனும் மாறினாலன்றி நீர் அசுத்தமாவதில்லை. இவ்வூர் உழவர்களோ அந்த எச்சத்தையே செல்வமாகக் கண்டவர்கள். அது கரைந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்று அறிந்தமையாலேயே பறவைகளைக் காத்தார்கள். வேட்டையாட வந்தோரைத் தடுக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டளவில் கலெக்டர் லயனல் பிளேசிடம் எழுத்தாகவே பெற்றார்கள். வேடர் தங்கிய ஊர் என்று பொருள்படும் பெயரையுடைய ஊர் பறவைகளுக்குப் புகலிடமானது இவ்வாறுதான்.

கேட்ட சிறுவனின் முகம் நம்மை வேறொரு நாளுக்கு இழுத்துச் சென்றது. அவனுடைய பாட்டனார் 2020ஆம் ஆண்டுக் கோடையில் மௌத்தானார். கொரோனா உண்டென்று சோதனைத் தாள் கூறிற்று. அத்தகைய மய்யித்தைக் குளிப்பாட்டலாகாது என்பது மத்திய சுகாதார அமைச்சகம் அவ்வாண்டு மார்ச்சில் வகுத்த நெறி. "ஒரு தாளை நம்பி ஃபர்ளை விடுவதா, ஹஜ்ரத்?" என்று மகன் கேட்டார். நாமும் அரைகுறையாகப் படித்திருந்ததை வைத்துக்கொண்டு, "குடற்கிருமியில் விளைந்த சரக்கைக்கொண்டு செய்யும் சோதனைதானே!" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. உறையிலிட்ட ஜனாஸா அப்படியே அடங்கிற்று. அந்தச் சொல் பிழை என்பது பிறகு படித்தபோதுதான் உறைத்தது.

கொரோனா வைரஸ் தன் மரபை ஆர்.என்.ஏ. என்னும் எழுத்தில் வைத்திருக்கிறது. சோதனைக் கருவி பெருக்கிக் காட்டக்கூடியதோ டி.என்.ஏ. ஒன்றையே. ஆகவே முதலாவதை இரண்டாவதாகப் படியெடுத்துத் தர ஒரு நொதி வேண்டும். அந்நொதியின் வரலாறு ஒரு கோழியிடம் தொடங்குகிறது. நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்பார் கோழியொன்றின் புற்றுக்கட்டியை அரைத்து வடிகட்டி, உயிரணு ஏதுமற்ற அந்தச் சாற்றாலேயே வேறு கோழிக்கும் அந்நோய் தொற்றுவதை 1911இல் வெளியிட்டார். நோபல் பரிசு அவரைத் தேடிவர 1966 ஆயிற்று! டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கே எழுத்து இறங்கும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் இத்தகைய வைரஸ்களுக்குள் எதிர்த்திசையில் படியெடுக்கும் நொதி இருப்பதைத் தனித்தனியே கண்டனர்.

தொடக்கத்தில் அந்நொதி வேண்டுமாயின் கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தப் புற்றைத் தொற்றவைத்து, அவற்றின் குருதியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1985இல், எலிகளைப் பீடிக்கும் வைரஸ் ஒன்றின் நொதிக்குரிய மரபெழுத்தை மட்டும் வெட்டி எடுத்து எஷெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் பொருத்தி, அதைக்கொண்டே நொதியைச் செய்வித்தனர். மனிதக் குடலில் வாழும் இனம் அது. ஆய்வகங்களில் புகழ்பெற்ற கே-12 என்னும் வகை, 1922இல் கலிபோர்னியாவில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டதன் வழிவந்தது. பன்றியின் கணையத்திலிருந்து வந்த இன்சுலினுக்கு மாற்றாக மனித இன்சுலினை 1978இல் செய்து தந்ததும் இதே இனம்தான். நம் வீடுகளில் எத்தனை முதியோர் அதனால் மனச்சுமை நீங்கினர்!

பிறப்பிடத்தைக் கொண்டு தள்ளுவதாயின் நாம் பலவற்றைத் தள்ள வேண்டிவரும். மானின் கொப்பூழருகே சுரப்பதைத்தான் கஸ்தூரி என்று பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகிறோம். திராட்சை மது தானே புளித்துக் காடியானால் தூயது. நாம் ஒன்றையிட்டுப் புளிக்கவைத்தாலோ நம் இமாம்கள் ஏற்பதில்லை. எனவே, எங்கிருந்து வந்தது என்பதோடு, இடையில் என்ன நிகழ்ந்தது, யார் கை பட்டது என்பதையும் மார்க்க அறிஞர் கேட்டிருக்கின்றனர்.

ஆய்வகத்தாரும் இதையே கேட்கின்றனர். நொதியின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறினை வாலாகக் கோத்துவிடுகிறார்கள். பாக்டீரியாவை உடைத்து, சக்கையைச் சுழற்றி ஒதுக்கி, தெளிந்த சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகளினூடே விடும்போது வாலுள்ள நொதி பற்றிக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் ஒழுகிவிடும். பன்முறை கழுவிய பின் நொதியை இறக்கி, சிறிதளவைப் பசைத்தகட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டுச் சாயமேற்றுகிறார்கள். ஒரே ஒரு கோடு தெரிந்தால் மகிழ்ச்சி; பக்கத்தில் வேறு கோடுகள் தெரிந்தால் மீண்டும் கழுவுதல். தலைப்பிரட்டு முதல் ஓதுவதுபோலத்தான்!

அந்தக் கோடும் போதாது. பாக்டீரியாவுக்கே உரிய, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி, கண்ணுக்குத் தெரியாத அளவில் எஞ்சினாலும் நோயாளியிடமிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. அழிந்துபோகலாம், நோயுள்ளவர் "இல்லை" என்ற தாளுடன் வீடு சென்று பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வார். இதற்கு மாறாக, தேடப்படும் மரபெழுத்தே தயாரிப்பிடத்தில் சிந்திக் கலந்துவிட்டால், நோயற்றவரின் மய்யித்துக்குக் குளிப்பாட்டும் உரிமை போய்விடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 பிப்ரவரியில் அனுப்பிய முதற் சோதனைப் பெட்டிகளே கலப்படத்தால் பழுதுபட்டன. ஆகவே அன்று அந்த மகன் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. நாம் சொன்ன விடையில்தான் இல்லை. குடற்கிருமியைக் காட்டி இகழ்ந்தோமே தவிர, கழுவியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. நாம் காணாத ஓர் ஊரில், நம் பெயரறியாத ஒருவர், இன்னும் ஒருமுறை கழுவிவிடலாம் என்று நினைத்தாரா, நேரமாகிவிட்டதென்று விட்டாரா என்பதில்தான் நம் ஃபர்ளு தொங்கிக்கொண்டிருந்தது. அமானிதம் என்ற சொல்லைப் பணத்துக்கும் பண்டத்துக்கும் மட்டுமே பாடம் நடத்திப் பழகியவர் நாம்.

இவ்வளவையும் ஏரிக்கரையில் அந்தச் சிறுவனிடம் சொல்லவில்லை. "மூன்று அடையாளமும் உனக்குத் தெரியும், நீயே பார்" என்றோம். படியிறங்கி ஒரு கை நீர் அள்ளினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்தான், மறுபடியும் முகர்ந்தான்.

"வாடை இருக்கு, ஹஜ்ரத்."

மற்ற மாணவர் சிரித்தனர். நாமும் குனிந்து அள்ளி முகர்ந்தோம். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் மூக்கு இளையது. சாலையோரத்து அடிபம்புக்குப் போய் ஒளு எடுத்தோம்.