சுக்கான் யார் கையில்?

விடுமுறைக்கு எங்கே போவது என்பதை நாம் ரசனை சார்ந்த கேள்வியாகவே பார்க்கிறோம். ஒருவருக்கு மலை பிடிக்கும், இன்னொருவருக்குக் கடல். பேசி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாம். ஆனால் சில பயணங்களில் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் மற்றவர்களின் உடலுழைப்பையும் பகல் பொழுதையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் குடும்பத்தோடு நேரோபோட் எடுத்துப் போவது அப்படிப்பட்ட விடுமுறை. அங்கே வழியைத் தேர்வு செய்வது ஓர் அறக்கேள்வி என்று சொன்னால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு வேடிக்கை இல்லை.

நேரோபோட் என்பது 7 அடிக்கும் சற்றுக் குறைவான அகலமும், 70 அடி வரை நீளமும் கொண்ட படகு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல் போனாலே பெரிசு. நிலம் மேடேறும் இடங்களில் 'லாக்' இருக்கும். இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு கல்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகை உள்ளே விட்டு, கதவை மூடி, மதகைத் திறந்து, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் போக வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். படகில் வருகிறவர்கள்தான் கரையில் இறங்கி, 'விண்ட்லாஸ்' என்ற இரும்புக் கைப்பிடியால் மதகைச் சுழற்றி, கனமான மரக்கதவை முதுகால் தள்ளித் திறக்க வேண்டும்.

ஆக, படகில் இரண்டு வேலைகள். ஒருவர் பின்னால் நின்று சுக்கானைப் பிடிக்கிறார். மற்றவர்கள் கரையில் ஓடுகிறார்கள். சுக்கான் பிடிப்பது சும்மா நிற்கிற வேலை இல்லை. லாக்கில் இறங்கும்போது படகின் பின்பகுதி கதவடியில் இருக்கும் கல்படியில் மாட்டிக்கொண்டால் படகே கவிழலாம். ஆனாலும் அவர் நின்ற இடத்தில் நிற்கிறார், வெயிலோ மழையோ காட்சியெல்லாம் அவர் முன்னால் விரிகிறது. கால்வாயோரம் நின்று பார்த்தால் பல படகுகளில் அப்பா சுக்கானில் இருப்பார், அம்மாவும் பிள்ளைகளும் விண்ட்லாஸோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தில் விரல் வைத்து "இந்த வழியில் போவோம்" என்று சொன்னவர் யார் என்பதைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

வழிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று 'ரிங்': பல கால்வாய்களை இணைத்துச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வது. இன்னொன்று போன வழியிலேயே திரும்புவது. புகழ்பெற்ற 'ஃபோர் கவுண்டீஸ் ரிங்' சுமார் 110 மைல், 94 லாக். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் தோராயமாகப் பயண மணிநேரம் கிடைக்கும் என்பது அங்கே புழங்கும் எளிய கணக்கு. 204ஐ மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். சனிக்கிழமை மதியம் படகை எடுத்து அடுத்த சனிக்கிழமை காலை ஒப்படைக்க வேண்டுமென்றால், நடுவில் முழுதாகக் கிடைப்பது ஆறு நாள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். கைதேர்ந்தவர்கள் சீக்கிரம் முடிப்பார்கள். முதல்முறை போகும் குடும்பம் முடிக்காது.

இன்னொரு பக்கம், விட்சர்ச்சில் ஏறி வேல்ஸில் இருக்கும் லாங்கோத்லன் ஊர்வரை போய்த் திரும்பும் வழி. ஒரு பக்கம் சுமார் 30 மைல், இரண்டே லாக். போக வர 21 மணி நேரம். நாளுக்கு மூன்றரை மணி நேரம் படகு ஓடினால் போதும். வழியில் 1805இல் திறக்கப்பட்ட பொன்ட்கசுல்தே தொட்டிப்பாலம் வரும். 18 வளைவுகள், ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரம். ஒரு பக்கம் கம்பியே இல்லாத இரும்புத் தொட்டிக்குள் படகு ஆகாயத்தில் நகரும்.

லெஸ்டரில் இருக்கும் என் அக்கா வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் பேச்சு நடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்ததால் முழுவதையும் படித்தேன். அத்தானுக்கு ரிங்தான் வேண்டும். "போன வழியிலேயே திரும்பி வர்றதுக்கு எதுக்குக் காசு?" என்றார். அக்காவுக்கு வேலைக் களைப்பு, தூங்கினால் போதும். பெரியவளுக்கு 14 வயது, லாக் வேலை செய்ய ஆசை. சின்னவனுக்கு 8 வயது, தொட்டிப்பாலம் வேண்டும். அத்தானின் அம்மாவுக்கு 71 வயது, முட்டிவலி. அவர் குரல் பதிவில் சொன்னது ஒரே வரி: "எனக்கு எதுன்னாலும் சரிதான்யா."

நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். நம் வீடுகளில் எவ்வளவு முடிவுகள் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டிருக்கின்றன! சம்மதம் போல ஒலிக்கும். பெரும்பாலும் அது சம்மதம் இல்லை. கேட்டாலும் பலனில்லை என்று நெடுங்காலமாகப் பழகிய ஒருவரின் மரியாதை. வாக்கெடுப்பு நடத்தினால் அவர் பெரும்பான்மையோடு போய்விடுவார். ஆக, வாக்கெடுப்பு இங்கே உதவாது.

தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளிவந்த 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' நூலில் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் விதிகளை வகுக்கும்போது, அந்தச் சமூகத்தில் நாம் யாராக இருப்போம் என்பதே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பணக்காரனா ஏழையா, பலசாலியா நோயாளியா என்று தெரியாது. அந்த 'அறியாமைத் திரை'க்குப் பின்னால் நின்று நாம் எதை ஒப்புக்கொள்வோமோ அதுவே நியாயம். ரால்ஸ் இதைச் சமூகத்தின் அடிப்படை அமைப்புக்காகச் சொன்னார், படகு விடுமுறைக்காக இல்லை. ஆனாலும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால், படகில் நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. சுக்கான் உங்கள் கையில் இருக்கலாம். 94 லாக்குகளில் கதவு தள்ளுகிறவராக இருக்கலாம். முட்டிவலியோடு முன்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம். இப்போது எந்த வழி?

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அப்படிப் பார்த்தால் எப்போதும் மிகக் குறைவாக முடிகிறவரின் அளவுக்கே எல்லாரும் சுருங்க வேண்டுமா? 14 வயதுப் பெண் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதா? சிரமமே இல்லாத விடுமுறை சுகமான விடுமுறை ஆகிவிடாது. சேர்ந்து கஷ்டப்பட்ட ஒரு நாள், சேர்ந்து தின்ற பத்து வேளைச் சாப்பாட்டைவிட ஒரு குடும்பத்தை நெருங்க வைக்கும். இந்த மறுப்பு நியாயமானது. நான் அதைத் தட்டிவிட மாட்டேன்.

ஆனால் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது நான் உண்மையில் பயப்படுவது எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். உழைப்புக்கு இல்லை. நிறுத்த முடியாமல் போவதற்கு. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தாலும், மழை கொட்டினாலும், "போதும்பா" என்று சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொள்வதற்கு. ரிங்கில் பாதியை எட்டிவிட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே தூரம். பாதிக்கு முன்னால் திரும்பலாம்தான். ஆனால் அப்போது "யாரால் திரும்பினோம்" என்ற கேள்வி படகில் ஏறிக்கொள்ளும். "எதுன்னாலும் சரி" என்று சொல்லப் பழகியவர் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க ஒருபோதும் துணிய மாட்டார். போய்த் திரும்பும் வழியில் திரும்புவது தோல்வி இல்லை, அது திட்டத்திலேயே இருக்கிறது. பத்து மைல் முன்னால் திரும்பினாலும் விடுமுறை முழுமையான விடுமுறைதான்.

இங்கேயும் முழுச் சுதந்திரம் கிடையாது. 60 அடிப் படகைக் குறுகிய கால்வாயில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதற்கென்று கரையை உள்வாங்கி அகலப்படுத்திய இடங்கள் உண்டு. 'விண்டிங் ஹோல்' என்பார்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை போக வேண்டியதுதான். ஒரு குடும்பத்தின் நியாயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். எல்லா நேரமும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கேட்டே ஆக வேண்டிய இடங்கள் எவை என்று முன்பே குறித்துக்கொள்ள முடியும்.

"அதே வழியை இரண்டு தடவை பார்க்கவா?" என்ற அத்தானின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. லாங்கோத்லன் கால்வாயில் டீ நதியின் நீர் குடிநீருக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பெரும்பாலான கால்வாய்களில் இல்லாத ஒரு மெல்லிய ஓட்டம் அங்கே உண்டு. போகும்போது எதிர்நீரில் ஊர்ந்துபோக வேண்டும், வரும்போது நீரே தள்ளிவிடும். ஒரே வழி, ஆனால் ஒரே பயணம் இல்லை.

இந்தக் கால்வாய்களின் சரித்திரத்தைப் பார்த்தால், வழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் அதன் பாரத்தைச் சுமந்தவர்களும் எப்போதுமே வேறு வேறு ஆட்கள். ரிங்கின் ஒரு பகுதியில் ஷெல்மோர் என்ற இடத்தில் பெரிய மண்கரை ஒன்று இருக்கிறது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் கால்வாய் தன் வேட்டைப் பறவைகள் வளரும் காட்டைத் தொடக்கூடாது என்று ஆன்சன் பிரபு மறுத்ததால் வழி ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் மண் நிற்கவில்லை. கொட்டக் கொட்டச் சரிந்து, கூலியாட்கள் வருடக்கணக்கில் மண் சுமந்தார்கள். 1835இல் கால்வாய் திறந்தபோது டெல்ஃபோர்டே உயிரோடு இல்லை. அதே ரிங்கில் ஹேர்காசில் மலையில் 1777இல் திறந்த பழைய சுரங்கத்தில் குதிரை நடக்கப் பாதையே வைக்கவில்லை. ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, சுரங்கத்தின் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை மறுபக்கம் கொண்டுபோனார்கள். பிறகு ரயில் வந்து படகுக் கூலி குறைந்தபோது, வாடகை மிச்சம் பிடிக்க முழுக் குடும்பங்களும் படகுக்குக் குடிவந்தன. சுமார் 10 அடி நீள அறையில் தாய், தகப்பன், பிள்ளைகள். பிள்ளைகள் குதிரை நடத்தினார்கள், லாக் திறந்தார்கள், பள்ளிக்குப் போகவில்லை. ஜார்ஜ் ஸ்மித் என்பவரின் விடாத பிரச்சாரத்துக்குப் பிறகு 1877இல்தான் அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அவர்களிடமும் யாராவது கேட்டிருந்தால், "எதுன்னாலும் சரிங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விடுமுறைப் படகையும் அந்த வாழ்க்கையையும் நான் சமப்படுத்தவில்லை. ஒன்று விளையாட்டு, மற்றது வயிற்றுப்பாடு. ஆனால் விளையாட்டில்தான் நாம் எந்தக் கட்டாயமும் இல்லாமல் நம் இயல்பைக் காட்டுகிறோம். கையில் வரைபடமும் காசும் இருக்கும்போது, மற்றவர்களின் நேரத்தை நம் நேரமாக நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அங்கே தெரிந்துவிடும். படகுக்கு வெளியிலும் இது நீள்கிறது. 'இன்றைக்கு இத்தனை மைல் முடிக்கணும்' என்று அவசரப்படுகிறவர்தான் கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க மறப்பார். அந்த அலையில் யார் வீட்டு அடுப்பில் தேநீர் சிந்துகிறதோ, அவர் இந்த வழித்தேர்வில் பங்கேற்றதே இல்லை.

ரிங் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு பெரியவர்கள் தெரிந்தே, ஆசைப்பட்டே, சுக்கானையும் விண்ட்லாஸையும் முறைவைத்துப் போனால் அது அருமையான பயணம். நான் கேட்பதெல்லாம் வரிசையை மாற்றச் சொல்லித்தான். போய்ச் சேரும் இடத்தை முதலில் வட்டமிட்டுவிட்டுப் பிறகு நேரத்தைப் பிழிய வேண்டாம். வரைபடத்தில் படகு திரும்பக்கூடிய இடங்களை முதலில் குறியுங்கள். யார் எந்த நாள் சுக்கான் பிடிப்பது என்று அடுத்ததாக எழுதுங்கள். "எதுன்னாலும் சரி" என்று சொன்னவரிடம், எது வேண்டும் என்று மறுபடி கேட்காதீர்கள். அதே பதில்தான் வரும். "எந்த இடம் வந்ததும் திரும்பலாம்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.