கல்லைப் புரட்டும் உரிமை

காட்டில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் என்னுடன் ஏறுகிறது.

பிற நாடுகளில் சாலமாண்டர் தேடுகிறவர்கள் கல்லையும் மட்கிய கட்டையையும் புரட்டித்தான் அதைக் காண்கிறார்கள். பல்லியின் உருவமும் தவளையின் உறவும் கொண்ட அந்தப் பிராணி நம் மலைகளில் இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று ஏலமலையின் ஈரமண்ணில் வாழ்கிறது. விஞ்ஞானிகள் அதைச் சிசிலியன் என்கிறார்கள். காலில்லை, கண் தோலுக்கடியில் மங்கிக் கிடக்கிறது, பார்வைக்குப் பெரிய மண்புழு. மனிதனுக்கு ஒரு தீங்கும் செய்யாத ஜீவன். பாம்பென்று பயந்து மண்வெட்டியால் வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு.

1880களில் இலங்கைக்கு வந்த சாராசின் என்ற சுவிஸ் ஆராய்ச்சியாளர் இருவர், இந்த இனத்துத் தாய் தன் முட்டைகளைச் சுற்றி உடம்பையே சுவராக வளைத்துக் காப்பதைக் கண்டு எழுதினார்கள். அந்த வீட்டின் கூரையைத்தான் நாம் புரட்டுகிறோம். ஈரம் வற்றினால் அந்தத் தோல் தாங்காது. அப்படியானால் புரட்டாதிருப்பதே தர்மமா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் பார்த்திராவிட்டால் அந்தத் தாய்மையை நாம் அறிந்திருக்க மாட்டோம். கட்டப்பனைப் பக்கம் கிடைத்த ஊதாத் தவளைக்கு 2003இல்தான் விஞ்ஞானம் பெயர் வைத்தது. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் அதை எவரும் தேடாதிருந்தால், அதற்காகப் பரிந்து பேசவும் ஆள் இருந்திராது.

மேலும், புரட்டாதவன் நிரபராதி என்று எப்படிச் சொல்வது? ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். மழை அதை மண்ணுக்குள் இறக்குகிறது. தோலாலும் சுவாசிக்கும் பிராணிக்கு அது போய்ச் சேராதா? போடியில் ஏலம் போகும் ஏலக்காய் நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிறது. காட்டையே பாராத நம் கையும் அந்தக் கல்லுக்கடியில் நீண்டிருக்கிறது.

ஆகவே, உரிமை என்ற பேச்சை விட்டுவிடலாம். பார்த்தவனுக்குக் கடன் உண்டு. கல்லை அதே பள்ளத்தில் மெல்ல வைக்க வேண்டும். முட்டையோடு கண்டால் தொடாமல் மூட வேண்டும். இடத்தை ஊரெல்லாம் சொல்லக் கூடாது. ஆனால் மண்வெட்டியை ஓங்குகிறவரிடம் கண்டதைச் சொல்லியே தீரவேண்டும். பாயசம் குடிக்கிறவருக்கும் ஒரு சிறு கடன் உண்டு: ஏலக்காய் எப்படி விளைந்தது என்று கேட்பது.

இந்தக் கடனைத் தீர்க்க மனமில்லாதவர் சாலையிலேயே நின்று மலையைப் பார்க்கட்டும். அங்கிருந்தும் அது அழகாகத்தான் இருக்கிறது.