ஆராயாது ஏற்றவையும் ஐயத்தின் கடமையும்

ஐயம் அறிவுக்குத் தடையா, அறிவின் தொடக்கமா என்னும் வினாவுக்கு இந்தியத் தருக்க மரபின் மூலநூலாகிய நியாய சூத்திரம் தெளிவான விடை தருகிறது. கௌதமர் இயற்றியதாகக் கொள்ளப்படும் அந்நூலின் முதற்சூத்திரம், அறிந்து தெளிய வேண்டிய 16 பொருள்களை அடுக்கும்போது, அறியும் கருவியாகிய அளவைக்கும் அறியப்படும் பொருளாகிய பிரமேயத்துக்கும் அடுத்து, ஐயத்தை மூன்றாவதாக வைக்கிறது. முற்றிலும் அறியப்படாததைக் குறித்தோ முற்றிலும் தெளிந்துவிட்டதைக் குறித்தோ ஆராய்ச்சி எழுவதில்லை என்றும், ஐயத்துக்கு உள்ளானதைக் குறித்தே அது எழுகிறது என்றும் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார்.

இவ்விளக்கத்தின்படி நோக்கினால், தொழிலிடங்களில் புதுமை அருகுவதற்குக் கற்பனைக் குறைவைவிட, ஐயத்தின் எல்லைக்குள் வராமலே நின்றுவிடும் செய்திகளின் மிகுதியே முதற்காரணம் எனலாம். இத்தகைய செய்திகளுக்கும் நியாய நூல் இடம் வகுத்திருக்கிறது. அது கூறும் நால்வகைச் சித்தாந்தங்களுள் இறுதியானது அப்யுபகம சித்தாந்தம், அதாவது ஒரு கூற்றை ஆராயாமலே ஏற்று, அதன்மேல் நின்று அதன் சிறப்பியல்புகளை ஆராய்வது. ஒலி ஒரு திரவியம் என்று வைத்துக்கொண்டு, அது நிலையானதா நிலையற்றதா என்று வாதிடுவது இதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. எல்லாவற்றையும் ஒருங்கே ஐயுறுபவரால் எந்தப் பணியையும் தொடங்க இயலாதாதலின் இம்முறை குற்றமுடையதன்று. ஆனால் அந்த ஏற்பு தற்காலிகமானது என்பது மறக்கப்படும்போது, வசதிக்காகக் கொள்ளப்பட்ட ஒன்று இயற்கை விதியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் உற்பத்தித் துறை இதற்குத் தக்க சான்றாகும். 1913இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ், ஒரு பொருளை ஒரே தடவையில் எத்தனை செய்வது சிக்கனம் என்று கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார். இயந்திரத்தை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி அமைக்கும் செலவை அச்சூத்திரம் மாறாத எண்ணாகக் கொண்டது. மாற்றியமைக்க நெடுநேரம் ஆகுமாயின் பெருந்தொகுதியாகச் செய்து கிடங்கில் அடுக்குவதே அறிவுடைமை என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. கணக்கில் பிழையில்லை, கணக்குக்கு அடிப்படையான எண்ணை மட்டும் நெடுங்காலம் பலரும் வினவவில்லை.

அதை வினவியவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1950இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ தொழிற்சாலையில், இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலைகளும், அது ஓடும்போதே செய்து முடிக்கக்கூடிய வேலைகளும் பிரிக்கப்படாமல் கலந்து கிடப்பதை அவர் கண்டார். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் அழுத்தப்பொறியின் அச்சை மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. அதையொத்த பணியை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் இரண்டு மணி நேரத்தில் முடித்தது. முரண்பட்ட கூற்றுகள் எதிர்ப்படுவது ஐயம் தோன்றும் வழிகளுள் ஒன்று என நியாய நூல் கூறுவதற்கு ஏற்ப, இவ்வேறுபாடே ஆராய்ச்சிக்கு வழிகோலியது. அம்மாற்றம் முதலில் 90 நிமிடமாகவும் பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைந்தது. சிறு தொகுதிகளாகத் தேவைக்கேற்பச் செய்யும் டொயோட்டாவின் உற்பத்தி முறை உறுதிப்பட இது பெரிதும் துணைநின்றது.

எனினும் வினவுதல் அனைத்தும் நன்மை பயப்பதில்லை. நியாய நூல் ஐயத்தை அடுத்துப் பிரயோஜனம் எனப்படும் பயனை வைப்பது, பயன் நோக்காத ஐயம் ஆராய்ச்சியாக முதிராது என்பதை உணர்த்துகிறது. தன் கொள்கை எதையும் நிறுவாமல் பிறர் கொள்கையை மறுப்பதிலேயே அமையும் வாதத்தை அந்நூல் விதண்டை என்று பெயரிட்டு, உண்மை நாடும் வாதத்திலிருந்து பிரிக்கிறது. உண்மை நாடும் வாதம் ஆசிரியர், மாணவர், உடன் பயில்வோர் ஆகியோருள் பொறாமையற்றவரோடு நிகழ வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

இவ்விதி இன்றைய நிறுவனங்களுக்கும் முழுமையாகப் பொருந்தும். வினவுவோர் தம் ஐயத்தை ஒரு குறித்த கூற்றின்மேல் நிறுத்தி, நிர்ணயம் எனப்படும் துணிபு காணும்வரை உழைக்கக் கடமைப்பட்டவர்கள். தலைமையில் இருப்போரோ, இளையவர் எழுப்பும் ஐயத்தைத் தம் மதிப்புக்கு இழுக்கென எண்ணாது, தாம் ஆராயாது ஏற்றவை எவையென வெளிப்படுத்தி, அவற்றைச் சோதிக்கக் காலமும் பொருளும் ஒதுக்கக் கடமைப்பட்டவர்கள். இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறும் இடத்தில்தான் ஐயம் புதுமையாக விளையும்.