கல்லில் ஓடும் சக்கரம்

தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை ஒட்டி, டிராம்கள் நெடுங்காலம் ஓடிய ராஷ்பிஹாரி அவென்யூவில், அனுபவமுள்ள சைக்கிள்காரர் தண்டவாளப் பள்ளத்தில் சக்கரம் சிக்காதிருக்க அதை ஏறத்தாழச் செங்குத்தாகவே கடப்பார். கைப்பிடியை இறுக்கவும் மாட்டார். வடக்கு பிரான்சில் 1896 முதல் நடைபெறும் பாரிஸ்–ரூபே பந்தயம் இந்த அறிவையே உச்சத்தில் சோதிக்கிறது. ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தொலைவில் 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை ‘பாவே’ எனப்படும், கருங்கற்களை வரிசையாகப் பதித்த பழைய வயல்வழிப் பாதைகள். மலையேற்றத்தில் வெற்றி தரும் மெலிந்த உடல் இங்கே பெரிதாக உதவுவதில்லை. காற்றைச் சற்றுக் குறைத்த அகன்ற டயருடன், பாதையின் மேடான நடுப்பகுதியை விடாமல், தளராத வேகத்தில் மிதிக்கும் வலுவான உடலே முந்துகிறது, ஏனெனில் வேகம் குறையும்போதுதான் சக்கரம் ஒவ்வொரு கல்லிடுக்கிலும் விழுந்து எழுகிறது. வலுவோடு, வழுக்கும் தரையில் நிலைகுலையாத பழக்கமும் வேண்டும். நான்கு முறை வென்ற பெல்ஜியத்தின் ரோஜர் டி விளாமிங்கும், 2023 முதல் 2025 வரை தொடர்ந்து வென்ற நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போலும் சேற்றிலும் புல்மேட்டிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் போட்டியில் உலகச் சாம்பியன்களாக விளங்கியவர்கள் என்பது தற்செயலன்று.