வீட்டுச் சண்டையும் ஊர்த் திரையும்

‘லாஸ்ட் டிரெயின் ஹோம்’ லிக்சின் ஃபான் இயக்கி 2009-இல் வெளிவந்த ஆவணப்படம். சீனாவின் சிச்சுவான் கிராமத்திலிருந்து குவாங்சோவின் ஆடைத் தொழிற்சாலைக்குப் பிழைக்கப் போன கணவன் மனைவியின் கதை அது. ஊர்ப்பதிவு முறையால் கிராமத்துப் பிள்ளைகளை நகரப் பள்ளியில் சேர்ப்பது கடினம். அதனால் பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறை, சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் ஏறத்தாழ 13 கோடித் தொழிலாளர்களின் நெரிசலில் முண்டியடித்து வந்துசேர்கிறார்கள். பதின்பருவ மகள் படிப்பை விட்டுவிட்டுத் தானும் ஆலை வேலைக்குப் போகிறாள். ஒரு புத்தாண்டில் தகப்பனுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை முற்றி, அவர் கை நீட்டிவிடுகிறார். அவள் கேமராவின் பக்கம் திரும்பி, உண்மையான என்னைத்தானே எடுக்க வந்தீர்கள், இதோ பாருங்கள் என்று கத்துகிறாள்.

இந்தக் காட்சியைத் திரையிடுவது அறமா?

வெட்டிவிட்டால் படம் தியாகக் கதையாகச் சுருங்கிவிடும். பெற்றோர் அனுப்பும் பணத்துக்குப் பிள்ளைகள் கொடுக்கும் விலை மறைந்துபோகும். தொழிலாளர் குடியிருப்பிலோ கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ திரையிடும்போது, பார்ப்பவர்களில் பலர் அதேபோலக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்கிறவர்கள். தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று வெட்கி மூடிவைத்ததைப் பேச அவர்களுக்கு அங்கே ஒரு வாசல் திறக்கிறது. இது சிறிய நன்மை அல்ல.

ஆனால் பார்வையாளர் யார் என்பதைப் பொறுத்துக் கேடும் மாறுகிறது. இந்தப் படத்துக்குச் சிறந்த படம் என்ற விருதளித்த ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பார்வையாளர்கள் அந்தப் பெண்ணைத் தெருவில் சந்திக்கப் போவதில்லை. சொந்த ஊரார் நாளை கடைவீதியிலேயே சந்திப்பார்கள். அவளுடைய ஆத்திரமான ஒரு நிமிடம் அவளுடைய பெயராகவே நிலைத்துவிடலாம்.

ஒப்புதல் வாங்கியாயிற்று என்பது இதற்குப் பதிலாகாது. படப்பிடிப்புக்கு முன் கையெழுத்திடுகிறவருக்கு அடுத்த ஆண்டு தன் வீட்டில் என்ன வெடிக்கும் என்று தெரியாது. குடும்பத்துக்காகக் கையெழுத்திடுவது பெரும்பாலும் பெரியவர்களே. வெட்டும் உரிமையை அவர்களிடமே விட்டால் அடித்த தகப்பன் அந்தக் காட்சியை நீக்கச் சொல்லலாம். அப்போது மகளின் குரலும் சேர்ந்தே அழியும். குடும்ப மானம் என்ற பெயரில் பிள்ளைகளின் வாயை அடைப்பது எங்கும் எளிதாக நடக்கிறது.

ழான் ரூஷும் எட்கர் மோரினும் பாரிசில் எடுத்து 1961-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. பங்கேற்றவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன குறைகளையும் படத்திலேயே சேர்த்தார்கள். இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் மனம்திறந்த பேச்சு எல்லை மீறியது என்று அதில் சிலர் கண்டித்தார்கள். தெரிந்தவர்கள் அந்நியரைவிடக் கடுமையாகத் தீர்ப்பளிப்பதை அந்தப் பகுதி காட்டுகிறது. அங்கே பேசப்பட்டவராலும் சபையில் இருந்து பதில் சொல்ல முடிந்தது; ஊர்த் திரையிடலில் பல நேரம் அந்த வாய்ப்புகூட இருப்பதில்லை.

ஆகவே இத்தகைய காட்சி படத்தில் இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் சொந்த ஊரில் அதைத் திரையிடும் உரிமை இயக்குநருக்கு மட்டும் உரியதல்ல. பலவீனமான இடத்தில் நிற்பவரின் சொல்லே அங்கே முதலில் செல்ல வேண்டும். திரையிடல் நடத்துவோர் சுவரொட்டி ஒட்டும் முன்பே அந்த வீட்டாரைத் தனித்தனியே சந்தித்துப் படத்தைக் காட்ட வேண்டும். வளர்ந்துவிட்ட பிள்ளைகளிடம் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஊருக்கு வேறு படத்தைக் கொண்டுபோங்கள்.